நாடு கடத்தல்: யாரை, எங்கிருந்து, எந்த அதிகாரத்தில்?

2025 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரஸில் இறக்கிவிட்டது. மறுநாள் தமிழ் நாளிதழ்களில் வந்த சொல் ‘நாடு கடத்தல்’. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 10ஆம் தேதி, மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணாவை அமெரிக்கா இந்தியாவிடம் ஒப்படைத்தது. அப்போதும் அதே சொல்தான்: ‘ராணா நாடு கடத்தப்பட்டார்’.

முதல் செய்தியில் வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். தங்கள் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் அனுப்பப்பட்டது இங்கே உள்ள எந்த வழக்குக்காகவும் அல்ல. ராணா பாகிஸ்தானில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவர். இந்தியா அவருக்குத் தாய்நாடு அல்ல. விசாரணைக்காகவே கொண்டுவரப்பட்டார். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்? கன்னியாகுமரி மாவட்டத்து வாசகருக்குக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல். அவருடைய நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் ‘களியக்காவிளை வழியாக ரேஷன் அரிசி கடத்தல்’ என்ற கேரள எல்லைச் செய்தி ஏறக்குறைய நிரந்தரமாகவே இடம்பிடித்திருக்கிறது.

இந்தச் சொல் எப்படிப் பிறந்தது, எந்த அளவுக்கு நீட்டப்பட்டது, சட்டத்தில் எத்தனையாகப் பிரிகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். அதற்கு இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை.

‘கட’வும் ‘கடத்து’ம்

‘கட’ என்றால் தாண்டு. ‘கடத்து’ என்றால் தாண்டச் செய். நட – நடத்து, கிட – கிடத்து என்பவற்றைப் போலவே இதுவும் ஒரு தன்வினை, பிறவினை இணை. தானாகப் போகிறவன் கடக்கிறான்; பிறரால் அனுப்பப்படுகிறவன் கடத்தப்படுகிறான். நாடு கடத்தல் என்ற தொடரின் உயிர் இந்தப் பிறவினையில்தான் இருக்கிறது. போகிறவருடைய விருப்பத்துக்கு அதில் இடமே கிடையாது.

‘கடத்து’ என்ற வினையில் இயல்பாகக் குற்றவாடை எதுவும் இல்லை. பொழுதைக் கடத்துகிறோம். செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது. சுங்கத்துக்குத் தெரியாமல் சரக்கை எல்லை தாண்டச் செய்ததும், ஆளைத் தூக்கிக்கொண்டு போனதும் இதே வினையில் வந்து சேர்ந்த பிறகுதான் சொல்லின் முகம் கறுத்தது. ஆகவே அரிசி கடத்தலும் நாடு கடத்தலும் ஒரு வேரில் பிறந்தாலும் எதிரெதிரானவை. முன்னது அரசுக்குத் தெரியாமல் நடப்பது. பின்னது அரசே முன்னின்று நடத்துவது.

‘நாடு’ எவ்வளவு பெரியது?

இன்று நாடு என்றால் இந்தியா, இலங்கை, ஓமான் என்று பாஸ்போர்ட் தரும் அரசுகளையே நினைக்கிறோம். இந்தத் தொடர் உருவான காலத்தில் நாடு அத்தனை பெரிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் சில ஊர்கள் சேர்ந்தாலே நாடு. அதன் பெரியவர்கள் நாட்டார். இன்றைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் பெரும்பாலும் நாஞ்சில் நாடு. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வேணாட்டின் மண். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போனால் பாண்டி நாடு.

இப்படிப்பட்ட சிறிய நாட்டிலிருந்து ஒருவரை ‘கடத்துவது’ என்றால் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே எல்லைவரை நடத்திக்கொண்டு போய் அந்தப் பக்கம் விடுவதுதான். கப்பல் வேண்டாம், விமானம் வேண்டாம். இரண்டு காவலர்களும் ஒரு கணவாயும் போதும்.

மலையாளத்திலும் இதே தொடர் இதே பொருளில் வழங்குகிறது. இந்த மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் அரசின் ஆணைகளும் இங்குள்ள பேச்சும் இரு மொழிகளிலும் நடந்ததால், இங்கே யாரும் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆரல்வாய்மொழி என்ற வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது ஆரல்வாய்மொழி. முப்பந்தல் காற்றாலைகளுக்காக இன்று பலரும் அறிந்த ஊர். திருவிதாங்கூர்க் காலத்தில் அரண் கட்டிக் காவல் வைத்த கிழக்கு வாசல் அதுதான். மிளகும் புகையிலையும் அரசின் தனி வணிகமாக இருந்த நாட்களில் சரக்கு சோதிக்கும் சவுக்கையும் அங்கே இருந்தது. சரக்கைக் கடத்தினவர்கள் பிடிபட்டதும், ஆட்கள் கடத்தி விடப்பட்டதும் ஒரே வாசலில்தான்.

நன்கு அறியப்பட்ட இரண்டு நிகழ்வுகள் இந்த வாசலோடு தொடர்புடையவை.

1. தேவசகாயம் பிள்ளை. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணிபுரிந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். வடக்கன்குளம் கணவாய்க்குக் கிழக்கே, திருவிதாங்கூருக்கு வெளியே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்காக எல்லையைத் தானாகக் கடந்தவர் அவர். 1749இல் சிறைப்பட்டார். பின்னர் அவரை ஆரல்வாய்மொழி வழியாகப் பாண்டி நாட்டுக்குள் கடத்திவிடுமாறு ஆணை பிறந்தது என்றும், அங்குள்ள மலைக்காட்டில் விடப்பட்டார் என்றும், சுற்று ஊர்களிலிருந்து மக்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினர் என்றும் அவருடைய வரலாற்றைச் சொல்லும் குறிப்புகள் கூறுகின்றன. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அக்குறிப்புகளின்படி பார்த்தால், நாடு கடத்தல் என்ற தண்டனையின் பலவீனம் இங்கே தெரிகிறது. எல்லை அருகிலேயே இருந்தால் கடத்தப்பட்டவர் மறைந்துபோவதில்லை. அவரைப் பார்க்க நினைப்பவர் ஒரு நாள் நடையில் போய்ப் பார்த்துவிடலாம். ஆளை அகற்றலாம், அவர் மீது மக்களுக்குள்ள பற்றை அகற்ற அந்தத் தண்டனையால் முடியாது.

2. சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்தவர். வக்கம் மௌலவி 1905இல் தொடங்கிய ‘சுதேசாபிமானி’ இதழுக்கு அடுத்த ஆண்டு ஆசிரியரானார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியையும் அரண்மனையைச் சுற்றி நடந்த ஊழலையும் விடாமல் எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று மூலம் திருநாள் மகாராஜாவின் ஆணையின்படி அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கைது செய்யப்பட்டார். ஆரல்வாய்மொழி வழியாகக் கொண்டு செல்லப்பட்டுத் திருநெல்வேலியில் விடப்பட்டார். விசாரணை இல்லை. குற்றச்சாட்டுப் பத்திரம் இல்லை. தீர்ப்பு என்று ஒன்றும் இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து ஆரல்வாய்மொழிக்கு வரும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று வருவது. அதாவது நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவரின் பாதை அவருடைய சொந்த ஊர் வழியாகவே போகிறது.

திருநெல்வேலியில் கால் வைத்ததும் அவர் கைதி இல்லை. அது ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். திருவிதாங்கூர் ஆணை அங்கே செல்லாது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எழுதலாம், அச்சிடலாம். சொந்த நாட்டுக்குத் திரும்புவது ஒன்றுதான் முடியாது. சென்னை, பாலக்காடு என்று இருந்துவிட்டுக் கடைசியில் கண்ணூருக்குப் போனார். 1916 மார்ச் 28 அன்று அங்கேயே இறந்தார். வயது 37. தன் வெளியேற்றத்தைப் பற்றி மலையாளத்தில் அவர் எழுதிய நூலின் தலைப்பிலும் ‘நாடுகடத்தல்’ என்ற சொல்லே இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கிழக்கு வாசல் உள்கட்டாகிவிட்டது; மேற்கே களியக்காவிளை புது வாசலானது. இன்று ஆரல்வாய்மொழியைக் கடப்பவர் எந்த நாட்டையும் கடப்பதில்லை.

தீவாந்தரம்

ஆங்கிலேயர் ஆட்சியில் நாடு கடத்தலுக்குக் கடல் வந்து சேர்ந்தது. அப்போது புழங்கிய சொல் ‘தீவாந்தரம்’. வேறு தீவு என்பது அதன் பொருள். பாளையக்காரர் போர் முடிந்த பிறகு, 1802இல், சிவகங்கை வேங்கன் பெரிய உடையணத் தேவர் உட்பட 73 பேர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஒரு நாள் நடைக்கு எட்டாத தூரம் என்பதுதான் இதன் நோக்கம். ஆரல்வாய்மொழியில் இருந்த பலவீனம் கடல் நடுவே இல்லை.

பின்னர் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இதை முறையான தண்டனையாக்கியது. 1908இல் திருநெல்வேலி நீதிமன்றம் வ.உ.சிதம்பரனாருக்கு விதித்தது இரட்டை ஆயுள் தீவாந்தரம். ஆனால் அவர் அந்தமான் போகவில்லை. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையில் இருந்தார். தண்டனையின் பெயர் தீவாந்தரமாகவே இருக்க, உள்ளே இருந்தது வெறும் சிறைவாசமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1956 ஜனவரி 1 முதல் சட்டமும் அதை ஒப்புக்கொண்டது. அந்தச் சொல் நீக்கப்பட்டு ‘ஆயுள் சிறை’ என்று எழுதப்பட்டது.

இன்றைய சட்டத்தில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது?

செய்தியில் ‘நாடு கடத்தல்’ என்று படித்தால் கீழே உள்ளவற்றில் எது என்று பார்க்க வேண்டும். நாளிதழ்கள் இவற்றைப் பிரித்து எழுதினால் நல்லது, எழுதுவதில்லை.

1. திருப்பி அனுப்புதல். ஒரு நாடு தன் குடிமகன் அல்லாத ஒருவரை, விசா முடிந்தது, அனுமதி இல்லாமல் நுழைந்தார், தண்டனைக் காலம் முடிந்தது போன்ற காரணங்களுக்காக வெளியேற்றுவது. பெரும்பாலும் நிர்வாக உத்தரவு. இந்தியாவில் இதற்கான அதிகாரம் நெடுங்காலம் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தில் இருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. அமிர்தசரஸில் இறங்கியவர்கள் இந்த வகை.

2. ஒப்படைத்தல். குற்றம் சாட்டப்பட்டவரையோ தண்டிக்கப்பட்டவரையோ, இன்னொரு நாடு கேட்டதன் பேரில் அந்த நாட்டிடம் கொடுப்பது. ஒப்பந்தம், ஆவணங்கள், நீதிமன்றப் பரிசீலனை எல்லாம் உண்டு, ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இந்தியாவில் 1962ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இதற்கு இருக்கிறது. இதில் ஆளின் குடியுரிமையைவிட வழக்கு எங்கே என்பதே முக்கியம். ராணா இந்த வகை. இதற்கு ‘ஒப்படைப்பு’ என்ற தெளிவான சொல் தமிழில் இருக்கும்போது ‘நாடு கடத்தல்’ என்று எழுதுவது சோம்பல் என்றே சொல்ல வேண்டும்.

3. சொந்தக் குடிமகனைத் துரத்துதல். ராமகிருஷ்ண பிள்ளைக்கு நடந்தது இதுதான். இந்தச் சொல்லின் பழைய, அசல் பொருளும் இதுதான். இன்றைய இந்திய அரசுக்கு இந்த அதிகாரம் கிடையாது. நாட்டின் எப்பகுதியிலும் நடமாடவும் குடியிருக்கவும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு குடிமகனுக்கு உரிமை தருகிறது. 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆவது பிரிவு, தன்னிச்சையான கைதோடும் காவலோடும் சேர்த்துத் தன்னிச்சையான நாடுகடத்தலையும் தடுக்கிறது.

4. ஊரளவில், மாவட்ட அளவில் வெளியேற்றுதல். மேலே சொன்ன நடமாட்ட உரிமைக்குப் பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 19ஆவது பிரிவே சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் ‘தடிபார்’ என்ற பெயரில் ஒருவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மாவட்டத்தை விட்டே வெளியேற்றும் உத்தரவு காவல் சட்டத்தில் இருக்கிறது. நமக்குப் பழக்கமான வடிவம் வேறு: ‘வேறு ஊரில் தங்கித் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்’ என்ற ஜாமீன் நிபந்தனை. தண்டனை என்று அதற்குப் பெயர் இல்லை. நாகர்கோவில்காரர் ஒருவர் மாதக்கணக்கில் மதுரையில் அறை எடுத்துத் தங்கினால் அவருடைய வீட்டார் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்கு

இந்தப் பிரிவினை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. குளச்சல், தூத்தூர், திருவிதாங்கோடு, தக்கலை என்று இந்த மாவட்டத்தில் வளைகுடா வருமானத்தை அறியாத ஊர் குறைவு. அங்கே வேலை பார்த்தவர் திடீரென்று திரும்பி வந்தால் ‘நாடு கடத்திவிட்டார்கள்’ என்று ஊரில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். திரும்பிய விதம் எது என்பதைப் பொறுத்து அடுத்த விசாவின் கதி மாறும்.

சவூதியில் வேலை செய்தவர்களுக்கு ‘ஹுரூப்’ என்ற சொல் தெரியும். தொழிலாளி ஓடிவிட்டார் என்று கபில், அதாவது விசா தந்த முதலாளி, பதிவு செய்துவிடுவது. உண்மையில் சம்பளம் வராமல் வெளியேறியவராகக்கூட அவர் இருக்கலாம். அந்தப் பதிவு இருக்கும்வரை இக்காமாவை, அதாவது தங்கும் அனுமதி அட்டையை, புதுப்பிப்பதும் வேலை மாறுவதும் சிக்கல். பிடிபட்டால் கைரேகை எடுத்து அனுப்பிவிடுவார்கள், மீண்டும் நுழையத் தடையும் சேரும். பொதுமன்னிப்புக் காலத்தில் தாமாகவே முன்வந்து வெளியேறுவது இதற்கு நேர்மாறு. ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் 31 வரை நீட்டித்த பொதுமன்னிப்பில், அபராதம் தள்ளுபடியாகி வெளியேறியவர்களுக்கு மறுநுழைவுத் தடை விதிக்கப்படவில்லை.

பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டவருக்கு இந்தியத் தூதரகம் தரும் ‘எமர்ஜென்சி சர்ட்டிபிகேட்’ ஒரு வழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும். அதைக் கையில் வைத்திருப்பவர் எல்லாரும் நாடு கடத்தப்பட்டவர் என்று நினைப்பது தவறு. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவருக்கும் அதே தாள்தான் கிடைக்கும். டிக்கெட்டுக்குப் பணம் இல்லாதவருக்குத் தூதரகங்களில் உள்ள இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது மட்டுமே இந்தியாவில் குற்றமாகாது என்பதையும் குடும்பத்தார் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மீனவர்கள் விஷயத்தில் சொல் வேறு பக்கம் சாய்கிறது. இலங்கைச் சிறையிலிருந்து விடுதலையாகிறவர்கள் குடிவரவுத் துறையின் முகாமில் வைக்கப்பட்டு, பின் விமானத்தில் சென்னைக்கு அனுப்பப்படுகிறார்கள். நடைமுறையைப் பார்த்தால் அதுவும் மேலே சொன்ன முதல் வகைதான். ஆனால் எந்தப் பத்திரிகையும் அவர்களை நாடு கடத்தப்பட்டவர்கள் என்று எழுதாது; ‘தாயகம் திரும்பினர்’ என்றே எழுதும்.

தாயகம் திரும்பியோர்

இந்த நல்ல சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வெளியேற்றம் இருக்கிறது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதமுள்ள 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று 1974இல் முடிவாயிற்று. இலங்கையில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே தாய் தந்தையரைப் புதைத்தவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். அரசு ஏடுகளில் அவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பார்த்தே இராத ஊர் எப்படித் தாயகமாகும் என்று எந்தக் கோப்பும் கேட்கவில்லை.

அவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த மாவட்டத்தின் கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் நோக்கங்களில் அவர்களுடைய மறுவாழ்வும் ஒன்று. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகும் தொழிலாளர்களில் பலருக்கு, தாத்தாவின் ஊர் எது என்று கேட்டால் நுவரெலியா, பதுளை என்று பதில் வரும். பழவிளை, பெருமாள்புரம் போன்ற இடங்களின் முகாம்களில் இருப்பவர்கள் இவர்கள் அல்லர். 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள். முந்தியவர்கள் ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்கள்; பிந்தியவர்கள் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். இந்த வேறுபாடு தெரியாமல் இருவரையும் ‘சிலோன்காரர்’ என்று ஒன்றாக்குவது இங்கே வெகு சாதாரணம்.

ஊர்விலக்கு

கடைசியாக, எந்த எல்லையையும் கடக்க வைக்காமலே துரத்தும் முறை. ஊர்விலக்குக்கு ஆளான குடும்பம் அதே தெருவில், அதே வீட்டில்தான் இருக்கும். ஊர் வரியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். வரி வாங்கவில்லை என்றால் அந்தத் தலைக்கட்டு கணக்கில் இல்லை. கோயில் கொடையில் பங்கில்லை, கல்யாணத்துக்கு ஆள் வராது, சாவு விழுந்தால் தூக்க ஊரார் வரமாட்டார்கள். பலசரக்குக் கடைக்காரருக்கு வாய்மொழியாகத் தகவல் போகும். கடற்கரை ஊராக இருந்தால் அந்தக் குடும்பத்தின் மீனை ஏலத்தில் எடுக்க ஆள் இருக்காது.

அரசு செய்யும் நாடு கடத்தலுக்காவது ஓர் ஆணை, ஒரு தேதி, ஒரு கையெழுத்து இருக்கும். 1910இன் ஆணையை இன்றும் எடுத்துப் படிக்கலாம். ஊர்விலக்கில் அப்படித் தாள் எதுவும் மிஞ்சாது. நீதிமன்றத்தில் வழக்குகள் தடுமாறுவது இங்கேதான்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, விலக்கியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவர் என்றால், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நேரடிக் குற்றம். 2015இன் திருத்தம் இதைத் தனியாகவே பெயர் சொல்லிச் சேர்த்தது. மற்றவர்களுக்கு மகாராஷ்டிரம் 2016இல் தனிச் சட்டம் இயற்றியது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மிரட்டல், தடுத்து நிறுத்தல் போன்ற பொதுவான குற்றப் பிரிவுகளின் கீழ்தான் புகார் பதிவாகிறது. ஆகவே புகாரில் ‘எங்களை ஊர்விலக்கு செய்துவிட்டார்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தத் தேதியில் கூட்டம் நடந்தது, யார் அறிவித்தார், யாரிடம் கொடுத்த வரி திருப்பித் தரப்பட்டது, எந்தக் கடையில் எந்த நாளில் பொருள் தர மறுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதவேண்டும். வரியை மணியார்டரில் அனுப்பி, ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு அது திரும்பி வந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.